எடைச் சீட்டும் கழிப்பறை ஓரத்துத் தண்ணீர்க் குழாயும்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. போன மாதம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டாராம். அன்று சாயங்காலம் டைரியில் ஒரு சீட்டு: 'உங்கள் பிள்ளையின் எடை அதிகம். உணவைக் கட்டுப்படுத்தவும்.' அடுத்த இரண்டு நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கே போகவில்லை. கண்டதையும் வாங்கிக்கொடுத்து நான்தான் கெடுத்தேன் என்கிறார் மாமியார். பையன் சோம்பேறி என்கிறார் கணவர். நான் வேலைக்குப் போகிறவள், எல்லா நேரமும் பக்கத்தில் இருக்க முடியாது. உண்மையில் தவறு என்னுடையதுதானா? அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அங்கே நான் என்ன கேட்கலாம்? – ஒரு தாய்

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

முதலில் அந்த வயிற்றுவலி. அது நடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வயதில் அவமானம் வந்தால் அது நேராக வயிற்றில்தான் போய் உட்காரும், வலியும் நிஜமான வலிதான். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வரும் வயிற்றுவலிகள் நிறைய இந்த ரகம். ஒரு வாரத்துக்கு அவனிடம் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். 'அன்றைக்கு வரிசையில் நின்றபோது எப்படிடா இருந்தது?' என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டீர்கள் என்பது அவனுக்குப் போதும்.

சரி, தவறு யாருடையது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1990-ல் 5 முதல் 19 வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் 2 சதவீதம் பேருக்குத்தான் உடல் பருமன் இருந்தது. 2022-ல் அது 8 சதவீதம், அதாவது 16 கோடிப் பிள்ளைகள். பருமன் என்ற அளவுக்குப் போகாமல் எடை மட்டும் கூடியவர்களையும் சேர்த்தால் 39 கோடியைத் தாண்டுகிறது. இந்த 32 வருடத்தில் உலகத்து அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்தாற்போலக் கெட்டுப்போனார்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளானார்கள் என்றால் சரி, உங்கள் வீட்டுத் தீர்ப்பை ஒத்துக்கொள்கிறேன்.

பரம்பரை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2007-ல் எஃப்.டி.ஓ என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் அதை வாங்கிக்கொண்டு பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு மற்றவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள், பெரும்பாலும் பசி கொஞ்சம் தூக்கலாக இருப்பதால். ஆனால் மரபணு முப்பது வருடத்தில் மாறுகிற சமாச்சாரம் இல்லை. நம் தாத்தா பாட்டியிடமும் அதே மரபணுதான் இருந்தது. விதை பழசுதான், மண் மாறிவிட்டது. அதனால் உங்கள் பையனின் உடம்பைப் பார்ப்பதற்கு முன்னால் அவனுடைய ஒரு நாளைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் வரும் பெற்றோரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பிள்ளையின் சாதாரண ஒரு நாளை மணிக்கணக்காக எழுதச் சொல்வேன். என்ன சாப்பிட்டான் என்பது மட்டும் போதாது. எங்கே உட்கார்ந்திருந்தான், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது, யாரோடு இருந்தான், எப்போது தாகம் எடுத்தது, எல்லாம் வேண்டும். பிள்ளைக்கு எழுதத் தெரிந்தால் அவனையே எழுதவைப்பேன், ஏனென்றால் அம்மா எழுதும் தாள் கொஞ்சம் மரியாதையாக இருக்கும், பிள்ளை எழுதுவதுதான் உண்மை.

ஒரு பையன் எழுதியதை இன்னும் மறக்கவில்லை. வயது ஏறக்குறைய உங்கள் மகனுடையதுதான். காலையில் அரை லிட்டர் பாட்டில் கொண்டுபோகிறான். பதினொரு மணிக்குள் காலி. அதற்குப் பிறகு 'தண்ணி இல்ல' என்று எழுதியிருந்தான். பள்ளியில் குழாய் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். கழிப்பறைச் சுவரை ஒட்டி, தரையில் எப்போதும் ஈரம், திருகினால் முதலில் கொஞ்சம் பழுப்பாக வருமாம், அங்கே போய் பாட்டிலை நிரப்பினால் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். அதனால் மூன்றரை மணி வரை தாகத்தோடு இருக்கிறான், மணி அடித்ததும் முதல் வேலையாக ஒரு கேன் குளிர்பானம். தினமும். வீட்டில் அதை அவன் அடங்காத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தாகமாகத்தான் தெரிந்தது.

அந்த 330 மி.லி. கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஒன்பது டீஸ்பூன். இப்படித் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வருவது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் அந்த 5 சதவீதம் 25 கிராம்தான், ஒரு கேனிலேயே தாண்டிவிட்டது. இதில் இன்னொரு சூட்சுமம்: மென்று தின்னும் உணவை வயிறு கணக்கு வைத்துக்கொள்கிறது, குடிக்கும் சர்க்கரையை அவ்வளவாக வைத்துக்கொள்வதில்லை. கேனைக் குடித்துவிட்டு வந்த பிள்ளை இரவுச் சாப்பாட்டில் அந்த அளவுக்குக் குறைத்துச் சாப்பிடுவதில்லை.

இதைச் சாதாரணக் குழாய் விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் டோர்ட்முண்ட், எஸ்ஸன் என்ற இரண்டு ஊர்களில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் நல்ல குடிநீர் ஊற்றுகள் வைத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடங்கள் நடத்தி, ஒரு கல்வியாண்டு கழித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். எடை கூடிப்போகும் வாய்ப்பு மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. யாரையும் வரிசையில் நிறுத்தித் திட்டவில்லை, எதையும் தின்னாதே என்று பிடுங்கவில்லை.

அப்புறம் பாக்கெட் தீனி. 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று பிள்ளையைச் சொல்கிறோம், பெரியவர்களுக்கு மட்டும் தெரிகிறதா? அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பெரியவர்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள், மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வு. அதே மனிதர்கள், அதே மன உறுதி, தட்டு மட்டும் மாறியது. இதற்குமேல் ஒரு பத்து வயதுப் பையனிடம் மன உறுதியை எதிர்பார்த்து என்ன பிரயோசனம், அதுவும் அவன் விளையாடும் செல்போன் விளையாட்டுக்கு நடுவிலேயே தீனி விளம்பரம் வந்து குதிக்கும்போது.

தூக்கமும் இந்தக் கணக்கில் உண்டு. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். வீட்டுப்பாடம் முடிய பத்து மணி, அதற்குமேல் செல்போன், காலையில் ஆறுக்கு எழுப்பினால் எட்டு மணி நேரம்கூட இல்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும், மறுநாள் முழுக்க உடம்பு இனிப்பைத்தான் தேடும். பிளாஸ்டிக்கில் உள்ள சில ரசாயனங்களும் காரணம் என்று படித்திருப்பீர்கள். விலங்குகளில் ஆதாரம் இருக்கிறது, மனிதர்களில் இன்னும் உறுதியாகவில்லை. கவலையை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அதைவிடப் பெரியவை கண்முன்னால் கிடக்கின்றன. நடந்து போக நடைபாதை இல்லாத சாலை, விளையாட இடமில்லாத தெரு, வெளியே விடவே பயம். இதில் எதை நீங்கள் கெடுத்தீர்கள்?

இனி பள்ளி. கோபத்தில் பள்ளியை வில்லனாக்கிவிடாதீர்கள், ஏனென்றால் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டமாகச் சிறு பிள்ளைகளை 2010-லிருந்து மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில், எடை கூடிய பிள்ளைகளின் விகிதம் 23.3-லிருந்து 28.7 சதவீதமாக ஏறியது, அந்த ஏற்றம் முழுவதும் நடந்தது கோடை விடுமுறைகளில். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏறவே இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மணி, நினைத்தபோது அலமாரியைத் திறக்க முடியாத நிலை, நேரத்துக்கு எழுந்தாக வேண்டிய கட்டாயம், இவைதான் காப்பாற்றுகின்றன என்று தோன்றுகிறது. ஆகவே பள்ளியின் பலம் அறிவுரையில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்த உடனே 'ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்திவிடலாம்' என்று முடித்துவிடுவார்கள். என்னையே அப்படிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் போய்ப் படம் காட்டிப் பேசியிருக்கிறேன், முடிந்ததும் பிள்ளைகளுக்கு க்ரீம் பிஸ்கட் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 54 பள்ளிகளில் ஒரு வருடம் சமையல் வகுப்பு, கூடுதல் உடற்பயிற்சி, பெற்றோருக்குத் தகவல் என்று சிரத்தையாகவே செய்து பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தபோது எடையில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. பிள்ளையைச் சுற்றி இருப்பதெல்லாம் அப்படியே இருக்க, மேலே ஒரு வகுப்பை ஒட்டவைத்தால் இவ்வளவுதான் நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எடைச் சீட்டுக்கும் சோதனை நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் 2014 முதல் 2017 வரை, சிலரின் வீட்டுக்கு பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, அதன் அறிக்கையை அனுப்பினார்கள், சிலருக்கு அனுப்பவில்லை, சில பள்ளிகளில் எடையே பார்க்கவில்லை. சீட்டு போன வீட்டுப் பிள்ளைகளுக்கு எடை குறையவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின்மேல் அதிருப்தி மட்டும் கூடியது. கூட்டத்தில் இதை நீங்கள் கோபமில்லாமல் சொல்லலாம். எடை பார்க்க வேண்டுமென்றால் தனி அறையில், எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், பெற்றோருக்கு மூடிய உறையில். இல்லையென்றால் அதை மருத்துவர்களிடம் விட்டுவிடட்டும். வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள், ஆசிரியர்களே செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று கூப்பிடுவது உண்டு. கேலிக்கு ஆளாகும் பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு வர மாட்டான், அந்த ஓட்டமும் போயிற்று.

விளையாட்டு பீரியட் உங்களுக்கே தெரிந்த கதை. பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது அது, கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தர மாட்டார். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்குத் தண்டனை, இடைவேளையில் வகுப்பிலேயே உட்காருவது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதில் பாதியாவது பள்ளியில் நடக்காவிட்டால், இருட்டிய பிறகு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு எங்கே நடக்கப்போகிறது? ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியர் 2012-ல் ஒரு காரியம் செய்தார். உடை மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம், போட்டி இல்லை, தினமும் 15 நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓடலாம், நடக்கலாம், பேசிக்கொண்டே போகலாம். 'டெய்லி மைல்' என்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, குண்டாக இருப்பவனைத் தனியாகப் பிரித்து ஓடவிடாதது. எல்லோரும் போகிறார்கள், அவனும் போகிறான்.

இன்னொன்று, காசே இல்லாதது: மதிய இடைவேளையில் விளையாட்டை முதலிலும் சாப்பாட்டைப் பின்னாலும் வைப்பது. சாப்பாடு முதலில் என்றால் பிள்ளை அள்ளிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவான், காய் தட்டிலேயே கிடக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில தொடக்கப் பள்ளிகள் இதை மாற்றிவைத்தபோது காய், பழம் சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது. காய் அதே காய்தான். மணி அடிக்கும் வரிசை மட்டும் மாறியது.

கேன்டீனைப் பற்றி நீண்ட சண்டை போட வேண்டாம். சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மீறிய பொருள்களின் பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள், அந்த முத்திரை இருந்தால் பள்ளிக்குள் விற்கவே முடியாது. ஒரு நாடே செய்வதை ஒரு பள்ளி செய்ய முடியாதா என்று கேட்கலாம். லாபம் போய்விடும் என்பார்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லாமல், இனிப்புப் பானங்களை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள், நல்ல தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அது நடக்கும்.

பரிசு விஷயத்தில் நானும் குற்றவாளிதான். பல வருடம் ஊசி போட்ட கையோடு பிள்ளைகளுக்கு லாலிபாப் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் பல் மருத்துவ நண்பர் பார்த்துச் சிரித்த பிறகு ஸ்டிக்கருக்கு மாறினேன், அழுகை கூடவும் இல்லை குறையவும் இல்லை. வகுப்பில் சரியான பதிலுக்கு மிட்டாய், பிறந்தநாளுக்கு மிட்டாய். வகுப்பில் 40 பேர், வருடத்தில் 200 பள்ளி நாள் என்றால், விடுமுறையில் வரும் பிறந்தநாளையும் பள்ளியில் கொண்டாடினால் சராசரியாக ஐந்து பள்ளி நாளைக்கு ஒரு பிறந்தநாள் மிட்டாய் வருகிறது. அதுவே ஒரு பென்சிலாக இருக்கலாம், அன்றைக்கு வரிசைக்குத் தலைவனாக நிற்கும் உரிமையாக இருக்கலாம்.

இத்தனையையும் ஒரே கூட்டத்தில் கொட்டினால் ஒன்றும் நடக்காது, 'பார்க்கலாம்' என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், என்னைக் கேட்டால் தண்ணீர். அதையும் 'குண்டாக இருக்கும் பிள்ளைகளுக்காக' என்று கேட்காதீர்கள். ஒல்லியான பிள்ளைக்கும் தாகம் எடுக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருகிறார்கள். அப்படிக் கேட்டால் இருபது பெற்றோர் உங்கள் பக்கம் நிற்பார்கள், உங்கள் மகன் பெயரும் அடிபடாது.

வீட்டில் இரண்டு வேலைதான் சொல்வேன். தீனியைப் பூட்டிவைப்பதைவிட வாங்காமல் இருப்பது நல்லது, அது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து, கணவருக்கும்தான். இரவில் செல்போன் படுக்கையறைக்கு வெளியே தூங்கட்டும். பட்டினி, டயட் சார்ட், வேளாவேளைக்கு எடை மெஷின், இதெல்லாம் வேண்டாம். வளர்கிற பிள்ளை, பல நேரம் எடை அப்படியே நின்றாலே போதும், உயரம் ஏற ஏறத் தானாகச் சரிவிகிதத்துக்கு வந்துவிடும்.

ஆனாலும் ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், பெரியவர்களின் பி.எம்.ஐ அட்டவணையைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது, வயதுக்கான வளர்ச்சி வரைபடம் தனி. போகும்போது மூன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, கழுத்தின் பின்புறம் தோல் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா, எடை ஏறும்போது உயரம் மட்டும் வகுப்புப் பிள்ளைகளைவிடப் பின்தங்குகிறதா. முதலாவது தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாக இருக்கலாம், இரண்டாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், மூன்றாவது அரிதாக ஹார்மோன் கோளாறு. இதில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

டைரியில் வந்த அந்தச் சீட்டுக்கு இன்னும் பதில் எழுதியிருக்க மாட்டீர்கள். அதன் கீழேயே எழுதி அனுப்புங்கள்: 'என் மகனை மருத்துவரிடம் காட்டுகிறோம். இனி வகுப்பின் முன்னால் அவன் எடையைச் சொல்ல வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் பள்ளியின் குடிநீர்க் குழாயைப் பார்க்க விரும்புகிறேன், எந்த நேரம் வரலாம்?' போகும்போது ஒரு காலி பாட்டிலைக் கொண்டுபோங்கள். அங்கே நிரப்பி, அங்கேயே நின்று ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.